இரு காலும் ஒரு காலும்

மனித உடலை ஒரு வீட்டுக்கு ஒப்பிடுவோமாயின், அதன் அத்திவாரம் கால்களேயாகும். வீட்டுச் சுவருக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கின்றோம். யன்னலுக்குப் புதுத்திரை இடுகின்றோம். சுவரில் வெடிப்புக் காணும்வரை அத்திவாரத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உடலின் கதையும் அதுவே. முகத்துக்கும் கூந்தலுக்கும் எத்தனையோ பராமரிப்பு; இடுப்பின் சுற்றளவைப் பற்றி எத்தனையோ கவலை. கால்களைப் பற்றிய நினைவோ, அவை "இனி இயலாது" என்று மறுக்கும் நாளிலேதான் வருகின்றது.

அந்த நாள் திடீரென்று வருவதன்று. கதிரையிலிருந்து எழும்போது கை தானாகவே கதிரையின் பிடியைத் தேடுகின்றது. மாடிப்படி ஏறுகையில் பக்கச் சுவர் துணையாகின்றது. நிலத்தில் விழுந்த ஊசியை எடுத்துத்தரப் பேரப்பிள்ளையை அழைக்க நேருகின்றது. இவற்றையெல்லாம் "வயது போய்விட்டது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றோம். வயது போனது உண்மையே. ஆயினும், வயதோடு சேர்ந்து போனது யாது என ஆராய்ந்தால், அது பெரும்பாலும் தொடையின் வலிமையே என்பது புலனாகும். போன வயதை மீட்க எவராலும் இயலாது. போன வலிமையின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ள இயலும்.

அவ்வாறு மீட்டுக்கொள்ளுதற்குரிய இரு எளிய அப்பியாசங்களை, கைப்பிடியுள்ள இரும்புக் குண்டு ஒன்றன் துணையோடு செய்யும் முறையை, இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரு காலையும் ஒருங்கே ஊன்றிக் குந்தியெழுதல். ஆங்கிலத்தில் ஸ்குவாட் என்பர். மற்றையது, ஓரடி பெயர்த்துவைத்து ஒரு காலின் பலத்தில் தாழ்ந்தெழுதல். இதனை லஞ்ச் என்பர். இரண்டையும் தனித்தனியே அறிந்தோர் பலர். இரண்டையும் ஏன் ஒன்றுசேர்த்துச் செய்ய வேண்டும் என்பதே எமது இன்றைய கேள்வி.

வீட்டுக்குள் ஒளிந்திருந்த அப்பியாசம்

எமது பாட்டிமார் எவரும் தேகாப்பியாசம் என்று பெயரிட்டு ஒன்றைச் செய்ததில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவுமில்லை. திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவினார்கள், அம்மியின் முன் குந்தி அரைத்தார்கள், பாயில் இருந்து உண்டார்கள், பாயிலிருந்தே எழுந்தார்கள். கிணற்றிலிருந்து வாளி நிறைய நீர் அள்ளி ஒரு கையில் தூக்கி நடந்தார்கள். நாளொன்றுக்குப் பன்முறை நிலத்திலிருந்து எழும்பிய கால்கள் அவை.

இன்று மேசைமேல் அடுப்பு, கதிரையில் உணவு, மின்சாரத்தில் அரைப்பு, குழாயில் தண்ணீர். இவை வந்தமை குறித்து நாம் வருந்தவில்லை. பெண்களின் முதுகொடியும் உழைப்பைக் குறைத்த எதனையும் நாம் வரவேற்கின்றோம். ஆனால், உழைப்பு நீங்கியபோது அதனுள் ஒளிந்திருந்த அப்பியாசமும் சேர்ந்து நீங்கிவிட்டது. கந்தோரிலும் கதிரை, பஸ்ஸிலும் இருக்கை, வீட்டிலும் சோபா என்றால், முழங்கால் முழுமையாக மடங்கி நிமிரும் வேளை நாளில் ஒன்றேனும் உண்டா? உடல், பயன்படுத்தாத பொருளைப் பேணிவைப்பதில்லை. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 வீதம்வரை தசை குறைந்து செல்கின்றது என்பர் வைத்திய அறிஞர். அறுபதைக் கடந்தபின் அக்குறைவு மேலும் விரைவுபெறும். தசை குறைவதிலும் வேகமாக அதன் பலம் குறையும்.

இது தனிமனிதர் கவலை மட்டுமன்று. இலங்கையில் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அறுபது வயதைக் கடந்தோர் 6.6 வீதத்தினர், 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்போது அவர்கள் 12.4 வீதமாயினர். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, தாயும் தந்தையும் மாத்திரம் தனித்திருக்கும் வீடுகள் எமது ஊர்களில் எத்தனை! அத்தகைய வீட்டில், குளியலறையில் வழுக்கி விழுந்த ஒருவர் தாமே எழுந்து நிற்க முடியுமா, முடியாதா என்பது சிறிய விடயமன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் தவறி விழுந்து உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களுள் முதியோரே மிகுதி என்றும் உலக சுகாதார தாபனம் கணக்கிட்டுள்ளது.

தராசுத் தட்டிலிருந்து வந்த குண்டு

இனி, அந்த இரும்புக் குண்டைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஆங்கிலத்தில் இதன் பெயர் கெற்றில்பெல். கடையில் இப்பெயர் கூறியே கேட்டல் வேண்டும். கேத்திலின் கைப்பிடிபோல் மேலே வளைந்த பிடியும், கீழே தட்டையான அடியுமுடைய வார்ப்பிரும்புக் குண்டு இது. வசதி கருதி, இக்கட்டுரையில் இதனைப் "பிடிக்குண்டு" என்றே வழங்குவோம்.

இதன் பிறப்பிடம் தேகாப்பியாசசாலையன்று, சந்தை. இரஷ்ய நாட்டுச் சந்தைகளில் தானியம் நிறுப்பதற்குத் தராசில் வைத்த படிக்கல்லே இது. "கிரியா" என்பது அங்கு இதன் பெயர். "பூட்" எனப்படும் பழைய இரஷ்ய நிறை 16.38 கிலோகிராம், அதாவது எமது கணக்கில் ஏறத்தாழ 36 இறாத்தல். இன்றும் பிடிக்குண்டுகள் 16, 24, 32 கிலோகிராம் என்ற அளவுகளில் விற்கப்படுவதன் காரணம் இதுவே: ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட். சந்தையில் ஓய்வு கிடைத்தபோது இளைஞர் இக்குண்டுகளைத் தூக்கிப் பலம் பார்த்தனர், விளையாட்டு வித்தையாயிற்று. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் விளதிஸ்லாவ் கிரயெவ்ஸ்கி என்னும் வைத்தியர் 1885ஆம் ஆண்டில் பாரந்தூக்குவோர்க்கு ஒரு கழகம் அமைத்தார். அங்கு பிடிக்குண்டும் இடம்பெற்றது. சரியாக நூறாண்டு கழிந்து, 1985இல், லிப்பெற்ஸ்க் நகரில் சோவியத் நாடு தழுவிய முதலாவது பிடிக்குண்டுப் போட்டி நடைபெற்றது. இன்று உலகின் பல நாடுகளில் இது வீட்டுப் பொருளாகிவிட்டது.

கைப்பிடி குண்டுக்கு மேலே இருத்தலின், இரு கையாலும் அணைத்து மார்போடு பிடிக்கலாம். ஒரு கையில் வாளிபோலவும் தொங்கவிடலாம். வீட்டில் ஒரு மூலையில் ஒரு சாணிடம் இதற்குப் போதும். வாங்க வசதியில்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. கைப்பிடியுள்ள ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் நிரப்பினால் அதுவும் பாரமே. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம்; ஆதலின் வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் அதுவே இலகுவானது. மூடியை மட்டும் இறுக மூடிக்கொள்க. நனைந்த தரை முதற்பகை.

குந்தியெழும் முறை

பிடிக்குண்டின் கைப்பிடியை இரு பக்கமும் பற்றி, பூசைக் கிண்ணத்தை ஏந்துவதுபோல் மார்புக்கு அணைத்துப் பிடியுங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜோன் என்பவர் பரப்பிய இம்முறைக்கு ஆங்கிலத்திலும் கிண்ணத்தின் பெயரே வழங்குகின்றது. பாதங்கள் தோளகலத்தில் இருக்கட்டும். பெருவிரல்கள் சற்றே வெளிநோக்கட்டும். மூச்சை உள்ளிழுத்து, தாழ்ந்த பலகையொன்றில் அமர்வதுபோல் இடுப்பைக் கீழிறக்குங்கள். முழங்கால்கள் பெருவிரல்கள் நோக்கும் திசையிலேயே செல்லல் வேண்டும். ஒன்றையொன்று நோக்கி உட்சாயலாகாது. குதிகால் நிலத்தைவிட்டு எழலாகாது. முதுகு வளையாதிருக்கட்டும். இயன்ற அளவு தாழ்ந்து, மூச்சை விட்டவாறே பாதம் முழுவதாலும் நிலத்தை உதைத்து எழுங்கள்.

பாரமின்றிக் குந்தினால் பின்னோக்கிச் சாயும் பலர், பாரத்தை மார்போடு பிடித்ததும் நேராகக் குந்துவதைக் காணலாம். இது மாயமன்று. முன்னே உள்ள பாரம் பின்னே செல்லும் இடுப்புக்கு எதிர்நிறையாகி உடலை நடுவில் நிறுத்துகின்றது. தராசிலிருந்து வந்த குண்டு, தராசின் வேலையையே இங்கும் செய்கின்றது.

முழங்கால் பெருவிரலைத் தாண்டவே கூடாது என்று சிலர் வற்புறுத்துவர். 2003ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனை அளந்து பார்த்தது. முழங்காலைப் பலகை வைத்துத் தடுத்துக் குந்தச் செய்தபோது, முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது; இடுப்பின் மீது விழுந்த சுமையோ பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. முழங்காலைக் காக்கப் போய் இடுப்புக்கும் முதுகுக்கும் சுமையேற்றுதல் அறிவுடைமையன்று. குதிகால் ஊன்றியிருக்குமானால், முழங்கால் தன் வழியே சிறிது முன்செல்வதில் தவறில்லை. முழங்கால் நோவுடையோர் மட்டும் நோவு தோன்றாத ஆழத்தோடு நிறுத்திக்கொள்க.

இதனால் தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை, பிட்டத் தசை, உட்தொடைத் தசை யாவும் ஒருங்கே வேலை செய்கின்றன. உடலிலுள்ள தசைகளுள் மிகப் பெரியது பிட்டத் தசையே என்பதை நினைவிற் கொள்க. பெரிய தசைகளுக்குப் பெரிய சுமை தருதற்கு இருகால் முறையைவிடச் சிறந்த வழி இல்லை.

அடி பெயர்த்துத் தாழும் முறை

நேராக நில்லுங்கள். இடது பாதம் இருந்த இடத்திலேயே இருக்க, வலது காலைப் பின்னே ஒரு பெரிய அடி வைத்து, அதன் விரல்களை மட்டும் ஊன்றுங்கள். இப்போது இரு முழங்காலையும் மடக்கி, பின்முழங்கால் தரைக்கு ஓரிரு அங்குலம் மேலே வரும்வரை நேர்கீழே தாழுங்கள். முன்பாதத்தை அழுத்தி எழுந்து, பின்காலைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இரு பாதமும் ஒரே கோட்டில் அமையலாகாது; கயிற்றின்மேல் நடப்போர் போன்று தள்ளாட நேரும். புகையிரதத் தண்டவாளம்போல் இரு கோட்டில் அவை நிற்கட்டும்.

அசையும் காலே உழைக்கின்றது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அசையாது முன்னே நிற்கும் காலே சுமையின் பெரும்பங்கைத் தாங்குகின்றது. பின்கால் சமநிலைக்கு உதவுவதோடு சரி. ஆதலின், எண்ணும்போது முன்காலையே எண்ணுதல் வேண்டும்.

முன்னோக்கி அடிவைக்கும் முறையும் உண்டு. ஆனால், முன்னே பாயும் உடலின் வேகத்தை முழங்கால் தடுத்து நிறுத்த வேண்டியிருத்தலின், புதியோருக்குப் பின்னோக்கிய முறையே இதமானது. தொடக்கத்தில் பாரம் வேண்டாம். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். பழகியபின் பிடிக்குண்டை மார்போடு ஏந்தலாம். அதன்பின், வாளி தூக்குவதுபோல் ஒரு கையில் தொங்கவிட்டுச் செய்யலாம். அப்போது ஒருபுறம் சாயவிடாது உடலை நிமிர்த்த இடுப்பின் பக்கத் தசைகளும் உழைக்கும்.

இரண்டும் ஏன்?

இனி எமது கேள்விக்கு வருவோம். ஒன்றைச் செய்தால் போதாதா?

வலிமையை மாத்திரம் கருதினால், ஒன்றும் போதும் என்றே கூறல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 18 இளம் றக்பி வீரர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் இருகாலூன்றிக் குந்தியெழும் பயிற்சியும், மற்றப் பிரிவினர் ஒரு காலைப் பின்னே உயர்த்திவைத்து ஒருகாலாற் குந்தியெழும் பயிற்சியும், வாரம் இருமுறையாக ஐந்து வாரம் செய்தனர். முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு பலம் பெற்றிருந்தனர். ஆகவே, இரண்டையும் சேர்த்தால் பலன் இரட்டிக்கும் என்று நாம் ஆசை காட்டப்போவதில்லை.

சேர்த்துச் செய்தற்குக் காரணம் வேறு. இருகாலில் குந்தியெழும்போது வலிமைமிக்க கால், வலிமைகுன்றிய காலின் குறையை மறைத்து விடுகின்றது. ஒற்றுமையான குடும்பத்தில் மூத்தவன் இளையவனின் வேலையையும் சேர்த்துச் செய்துவிட, தந்தைக்கு எதுவும் தெரியாமற் போவதை ஒத்தது இது. எப்போதோ சுளுக்கிய கணைக்கால், என்றோ அடிபட்ட முழங்கால், இவற்றின் பழைய அச்சத்தை உடல் மறப்பதில்லை. அக்காலுக்குச் சுமை குறைத்தே கொடுக்கும். எத்தனை நாள் குந்தியெழுந்தாலும் அக்குறை வெளிப்படாது. ஒரு நாள் அடிபெயர்த்துத் தாழ்ந்து பாருங்கள்: வலக்காலில் பத்து முறை தடையின்றித் தாழ்ந்தவர், இடக்காலில் ஆறாம் முறையே தடுமாறுவார். குறை எந்தக் காலில் என்பது அக்கணமே தெரிந்துவிடும்.

வாழ்க்கையோ பெரும்பாலும் ஒருகாலிலேயே நடைபெறுகின்றது. நடத்தல் என்பது மாறி மாறி ஒருகாலில் நிற்றலேயன்றி வேறன்று. படியேறுவதும் அவ்வாறே, பஸ்ஸில் ஏறுவதும் அவ்வாறே. கல் தடுக்கிய வேளையில் நம்மைக் காப்பது, சட்டென முன்வைத்த ஒரு கால் மடிந்துவிடாமல் உடலைத் தாங்குதலே. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாகச் சென்றோர் அறிவர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அப்படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகின்றது. ஆனால், கால் நடுங்குவது இறங்கும்போதே. ஒவ்வொரு படியிலும் முழு உடலையும் ஒரு கால் மெல்ல மெல்லக் கீழிறக்க வேண்டியிருப்பதே காரணம். மடங்கிக்கொண்டே சுமைதாங்கும் இப்பலத்தைத் தருவது அடிபெயர்த்துத் தாழ்தல். அதிலும் இறங்கும் பகுதியை மெதுவாகச் செய்தல் முக்கியம்.

அப்படியாயின் குந்தியெழுதலை விட்டுவிடலாமோ? கூடாது. ஒருகாலில் நிற்கும்போது சமநிலை பேணுதற்கே பலத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். மிகுந்த பாரத்தை ஏற்ற இயலாது. தொடைக்கும் பிட்டத்துக்கும் நிறைவான சுமை கொடுக்க இருகாலே வேண்டும். நிலத்திலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கவும், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழவும் உதவுவது அதுவே. சுருங்கக் கூறின், குந்தியெழுதல் பலத்தைச் சம்பாதிக்கின்றது. அடிபெயர்த்துத் தாழ்தல் அப்பலத்தை இரு காலுக்கும் சரியாகப் பங்கிட்டுக் கொடுக்கின்றது. சம்பாத்தியமும் வேண்டும், பங்கீட்டில் நீதியும் வேண்டும்.

வாரத்துக்கான ஒழுங்கு

பெரியோர் யாவரும் வாரத்தில் இரு நாளேனும் தசைவலிமைப் பயிற்சி செய்தல் வேண்டும் என்றும், அறுபத்தைந்தைக் கடந்தோர் சமநிலையும் வலிமையும் தரும் பயிற்சியை மூன்று நாளேனும் செய்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. திங்கள், வியாழன் என இரு நாளில் தொடங்குங்கள். இடையே ஒரு நாளேனும் ஓய்வு இருக்கட்டும். தசை வளர்வது உழைக்கும்போதன்று, ஓய்வின்போதே.

முதலிரு வாரம் பாரமின்றிச் செய்க. கதிரையொன்றைப் பின்னே வைத்து, அதில் மெல்லத் தொட்டமர்ந்து எழுதல் எட்டு முறை. ஒரு நிமிடம் ஓய்வு. சுவரைத் தொட்டவாறு பின்னடி வைத்துத் தாழ்தல், காலுக்கு ஐந்து முறை. இது ஒரு சுற்று. இவ்வாறு இரண்டு சுற்று.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம்வரை பிடிக்குண்டோடு குந்தியெழுதல் எட்டு முறை, பின் அடிபெயர்த்துத் தாழ்தல் காலுக்கு ஆறு முறை, மூன்று சுற்று. பெண்கள் 4 அல்லது 6 கிலோகிராமிலும், ஆண்கள் 8 கிலோகிராமிலும் தொடங்குதல் பொருந்தும். கடைசி இருமுறை சற்றுச் சிரமமாக, ஆனால் முறை பிசகாது அமையுமானால் அதுவே தக்க பாரம். மூன்று சுற்றிலும் பத்து முறை இலகுவாயின், அடுத்த பாரத்துக்குச் செல்லலாம். அதற்குமுன் அவசரம் வேண்டாம்.

ஏழாம் வாரத்திலிருந்து இரண்டையும் ஒரே தொடராகக் கோத்துச் செய்யலாம். குண்டை மார்போடு ஏந்தி ஒருமுறை குந்தியெழுக. உடனே வலக்காலைப் பின்வைத்துத் தாழ்ந்தெழுக. உடனே இடக்காலைப் பின்வைத்துத் தாழ்ந்தெழுக. மூன்றும் சேர்ந்து ஒன்று. குண்டைக் கீழே வைக்காமல் ஐந்து முறை செய்து, இரு நிமிடம் ஆறி, மீண்டும் தொடங்குக. மூன்று அல்லது நான்கு சுற்றுப் போதும். இருபது நிமிடத்துக்கு மேற் செல்லாது.

ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள். ஒருகால் அப்பியாசத்தை எப்போதும் வலிமைகுன்றிய காலிலேயே தொடங்குங்கள். அது எத்தனை முறை செய்ததோ அத்தனை முறையே வலிமையான காலும் செய்யட்டும். வல்லவன் சிறிது காத்திருப்பதால் இழப்பொன்றுமில்லை. மெலியவன் அவனைச் சில மாதங்களில் எட்டிப்பிடிப்பான்.

கவனிக்க வேண்டியவை

இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு உடையோரும், கர்ப்பிணிகளும், அண்மையில் சத்திரசிகிச்சை பெற்றோரும் தம் வைத்தியரைக் கேட்காது பாரம் தூக்கலாகாது. எவராயினும் மூச்சை அடக்கியவாறு எழவேண்டாம். இரத்த அழுத்தம் சட்டென உயரும். தாழும்போது உள்மூச்சு, எழும்போது வெளிமூச்சு.

முதல் வாரத்தில் தொடை நோகும். பயிற்சியின் மறுநாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் தோன்றித் தானாகவே மறையும் அந்நோவு இயல்பானது. மூட்டினுள் குத்துவதுபோன்ற நோவோ வீக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக. வழுக்கும் விரிப்பின் மேலும் ஈரத்தரையிலும் வேண்டாம். சேலை, சாரம் உடுத்தியோர் கால் தடுக்காத ஆடைக்கு மாறிக்கொள்க. பயிற்சி முடிந்ததும் குண்டைக் குழந்தைகள் இழுக்க இயலாத மூலையில் நிலத்திலேயே வையுங்கள். அலுமாரியின் மேல் வைக்கவே வேண்டாம்.

காலங் கடந்ததோ?

"எமக்கு எழுபதாகிவிட்டது, இனி எதற்கு?" என்போருக்கு ஒரு செய்தி. 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை அண்மிய, தளர்ந்த பத்துப் பேருக்குத் தொடையின் முன்தசைக்கான பாரப் பயிற்சி எட்டு வாரம் அளிக்கப்பட்டது. அதனை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரி 174 வீதம் அதிகரித்தது. அதாவது, முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. அவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில் இயந்திரத்தில் பயின்றவர்கள். பிடிக்குண்டு ஏந்தியவர்கள் அல்லர். ஆயினும், தொண்ணூறிலும் தசை செவிசாய்க்கும் என்ற உண்மை அனைவர்க்கும் பொதுவானது.

உங்கள் நிலையை நீங்களே அறிய ஒரு சோதனை உண்டு. கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, சுவரோடு சாய்த்த உறுதியான கதிரையில் அமருங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர இயலுகின்றது என வீட்டாரொருவர் அருகில் நின்று எண்ணட்டும். அறுபது முதல் அறுபத்துநான்கு வயதுவரையுள்ள பெண்கள் 12க்கும், ஆண்கள் 14க்கும் குறைவாகச் செய்தால், அது அவ்வயதின் சராசரிக்குத் தாழ்ந்த நிலை. எழுபது முதல் எழுபத்துநான்குவரை, பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. கிடைத்த எண்ணைக் கலண்டரில் குறித்து வையுங்கள். இரு மாதப் பயிற்சியின்பின் மீண்டும் எண்ணிப் பாருங்கள். எமது வார்த்தையை நம்புவதைவிட உங்கள் கலண்டரை நம்புவது நன்று.

இப்பயிற்சியை வீட்டில் ஒருவர் மட்டும் செய்வதைவிட இருவர் சேர்ந்து செய்தல் சிறப்பு. கணவன் குந்தியெழும்போது மனைவி எண்ணலாம். மனைவி அடிபெயர்க்கும்போது கணவன் முழங்காலைக் கவனிக்கலாம். பள்ளிசெல்லும் பிள்ளைகள் பாரமின்றி உடன் செய்யட்டும். தாத்தா கதிரையைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும். ஒரே குண்டு ஒரு குடும்பத்துக்குப் போதும்.

தன் கையே தனக்கு உதவி என்பர் பெரியோர். மெய்யே. ஆனால், அக்கை உதவவேண்டிய இடத்துக்கு நம்மைக் கொண்டுசெல்வது கால். பிறர் தோளை நாடாது தம் வீட்டு முற்றத்தில் தாமே எழுந்து நடக்கும் முதுமை, வாரத்தில் நாற்பது நிமிட உழைப்புக்கு ஈடான ஊதியமே. வியாழன்வரை காத்திராது, நாளைத் திங்கட்கிழமையே தொடங்குவீர்களாக.